‘ரெஸ்பெக்ட்’ ரேடியோவில் ஓடியபோதெல்லாம் அரீத்தா ஃபிராங்க்ளினுக்கு என்ன கிடைத்தது?

அமெரிக்காவில் ஏதோ ஓர் எஃப்எம் நிலையத்தில் இப்போது ‘ரெஸ்பெக்ட்’ பாட்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1967-ல் பதிவானது, சுமார் இரண்டரை நிமிடம். சோல் இசை பற்றி எதுவுமே தெரியாதவர்கூட ஒரு சினிமாவிலோ, விளம்பரத்திலோ, ரீல்ஸிலோ அந்தக் குரலைக் கேட்டிருப்பார். பாட்டை ஒலிபரப்பியதற்காக அந்த ரேடியோ நிலையம் பணமும் கட்டுகிறது.

அந்தப் பணம் யாருக்குப் போகிறது? பாட்டை எழுதிய ஓட்டிஸ் ரெட்டிங் தரப்புக்கும், அதன் பதிப்பு நிறுவனத்துக்கும். பாடிய அரீத்தா ஃபிராங்க்ளினுக்கு? ஒரு சென்ட்கூட இல்லை. 2018 ஆகஸ்ட் 16-ல் அவர் இறக்கும்வரை இப்படித்தான் இருந்தது. இன்றும் அந்தச் சட்டம் மாறவில்லை.

யாரோ அவரை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. அதுதான் விஷயமே.

‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2004-ல் எல்லாக் காலத்துக்குமான 500 சிறந்த பாடல்கள் என்று ஒரு பட்டியல் போட்டபோது ‘ரெஸ்பெக்ட்’ ஐந்தாவது இடத்தில் இருந்தது. 2021-ல் பட்டியலைப் புதுப்பித்தபோது முதலிடத்துக்கு வந்தது. அந்த இடம் அரீத்தாவின் பதிவுக்குத்தான். பாட்டை எழுதி, 1965-லேயே பாடி வெளியிட்ட ஓட்டிஸின் பதிவுக்கு அல்ல. ரசிகர்கள் கொண்டாடுவது அந்தப் பதிவை. அமெரிக்க ரேடியோ பணம் கொடுப்பதோ காகிதத்தில் இருக்கும் பாட்டுக்கு மட்டும். இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள, ரசிகர்கள் அந்தப் பதிவுகளில் அப்படி என்னதான் கேட்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சர்ச்சில் ஆரம்பித்த குரல்

சோல் என்பது சுருக்கமாகச் சொன்னால் கறுப்பின அமெரிக்க தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்து பிறந்தது. ரே சார்ல்ஸ், சாம் குக் போன்றவர்கள் 1950-களில் கடவுளுக்குப் பாடிய முறையிலேயே காதலைப் பாட ஆரம்பித்தார்கள். ஒருவர் ஒரு வரியைப் பாட, குழு பதில் சொல்லும். ஒரே எழுத்தை இழுத்து நாலைந்து ஸ்வரங்களில் உருட்டுவார்கள். நம் ஊரில் பிருகா என்போமே, கிட்டத்தட்ட அது மாதிரி. ஆனால் இலக்கணம் வேறு.

அரீத்தா பிறந்தது 1942 மார்ச் 25, மெம்ஃபிஸில். வளர்ந்தது டெட்ராய்ட்டில். அப்பா சி.எல். ஃபிராங்க்ளின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சர்ச்சின் போதகர். அவருடைய பிரசங்கங்களே இசைத்தட்டாக வந்து விற்ற காலம் அது. மஹாலியா ஜாக்சன், கிளாரா வார்ட் போன்ற காஸ்பல் நட்சத்திரங்கள் வீட்டுக்கு வந்துபோனார்கள். அரீத்தா பியானோவை நோட்ஸ் பார்த்துக் கற்கவில்லை, காதால் கேட்டுக் கற்றார். பதினான்கு வயதில், 1956-ல், அப்பாவின் சர்ச்சிலேயே அவருடைய முதல் காஸ்பல் பாட்டுகள் பதிவாயின.

பிறகு 1960-ல் கொலம்பியா நிறுவனம். ஜான் ஹாமண்ட் ஒப்பந்தம் செய்தார். ஜாஸ், பழைய பிராட்வே பாட்டுகள், வயலின் கூட்டத்தோடு மெலடி என்று ஆறு வருஷம் என்னென்னவோ பாடவைத்தார்கள். அத்தனை வருஷத்தில் பில்போர்டு ஹாட் 100-ன் முதல் நாற்பதுக்குள் ஒரே ஒரு பாட்டுதான் போனது, அதுவும் 37-ஆம் இடம் வரை.

ரசிகர்களில் பெரும்பாலானோர் இந்த ஆறு வருஷத்தை வீணான காலம் என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. டைனா வாஷிங்டனுக்கு அஞ்சலியாக 1964-ல் அவர் வெளியிட்ட ‘அன்ஃபர்கெட்டபிள்’ ஆல்பத்தை ஒருமுறை முழுசாகக் கேட்டுப் பாருங்கள். குரலில் எதுவும் குறையவில்லை. அதைச் சுற்றி வைத்திருந்தவைதான் பொருந்தவில்லை.

1967 ஜனவரி 24 அன்று என்ன நடந்தது?

கொலம்பியா ஒப்பந்தம் முடிந்ததும் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் அரீத்தாவை எடுத்துக்கொண்டார். அவர் செய்த முக்கியமான காரியம் ரொம்ப எளிமையானது. பாடகியை பியானோ முன் உட்காரவைத்தார். அவரே வாசித்து, அவரே பாடட்டும், மற்றவர்கள் அவரைப் பின்தொடரட்டும் என்றார். இதற்கு முன் ஆர்கெஸ்ட்ரா எழுதி வைத்திருக்கும், குரல் அதன் மேல் போய் உட்காரும். இப்போது தாளமும் வேகமும் அரீத்தாவின் விரலிலிருந்து வந்தன.

இடம், அலபாமா மாநிலத்தின் மஸில் ஷோல்ஸ் என்ற சின்ன ஊர். ரிக் ஹால் நடத்திய ஃபேம் ஸ்டூடியோ. பக்கவாத்தியக்காரர்கள் அநேகமாக எல்லோரும் உள்ளூர் வெள்ளை இளைஞர்கள். முதல் பாட்டு ‘ஐ நெவர் லவ்டு எ மேன்’. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லோரும் தடவிக்கொண்டிருந்தபோது ஸ்பூனர் ஓல்டம் தன் வுர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோவில் ஒரு சின்னத் துணுக்கை வாசித்தார். இன்றைக்கும் பாட்டின் தொடக்கத்தில் தனியாகக் கேட்பது அந்தத் துணுக்குதான். டிரம்ஸ் ரோஜர் ஹாக்கின்ஸ். பாட்டு முடிந்துவிட்டது.

இரண்டாவது பாட்டு ‘டூ ரைட் வுமன், டூ ரைட் மேன்’ பாதியில் நின்றது. குடி, ஒரு ஹார்ன் வாத்தியக்காரருக்கும் அரீத்தாவின் அன்றைய கணவர் டெட் வைட்டுக்கும் வாக்குவாதம், இரவில் ஹோட்டலில் ரிக் ஹாலுக்கும் வைட்டுக்கும் கைகலப்பு. ஒரு வாரத்துக்குத் திட்டமிட்டிருந்த வேலை ஒரே நாளில் முடிந்துபோனது. கையில் இருந்தது ஒன்றரைப் பாட்டு.

வெக்ஸ்லர் அந்த முதல் பாட்டைச் சில ரேடியோ டிஜேக்களுக்குக் கொடுத்துவிட்டார். கேட்டவர்கள் தட்டு எங்கே என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் 45 ஆர்பிஎம் தட்டுக்கு இரண்டாவது பக்கம் வேண்டுமே! கடைசியில் நியூயார்க்கில் வைத்து, பாதி நின்ற பாட்டின் மேல் அரீத்தா பியானோவும் ஆர்கனும் வாசித்து, சகோதரிகளோடு சேர்ந்து பாடி முடித்தார். மீதி ஆல்பத்துக்கு மஸில் ஷோல்ஸ் வாத்தியக்காரர்களையே நியூயார்க்குக்கு வரவழைத்தார்கள். சாக்ஸஃபோன் கலைஞர் கிங் கர்டிஸின் ஆல்பத்துக்கு என்று சொல்லித்தான் கூப்பிட்டார்களாம்.

பிப்ரவரி 14: பாட்டு கை மாறியது

1967 காதலர் தினத்தன்று அட்லாண்டிக்கின் நியூயார்க் ஸ்டூடியோவில் ‘ரெஸ்பெக்ட்’ பதிவானது. ஒலிப்பதிவு டாம் டவுட்.

ஓட்டிஸின் 1965 பதிவை முதலில் கேளுங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஓர் ஆண், சம்பாதித்துத் தருகிறேன், வீட்டில் எனக்கு மரியாதை கொடு என்று மனைவியிடம் கேட்கும் பாட்டு. வேகமும் வியர்வையும் உள்ள நல்ல பாட்டுதான். ஹாட் 100-ல் 35-ஆம் இடம் வரை போனது.

அரீத்தா பாடும்போது கேட்பவர் பெண். இதனால் மட்டுமே அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது. ஆனால் அவர் செய்தது அதோடு நிற்கவில்லை. தலைப்புச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற இடம் இருக்கிறதே, அது ஓட்டிஸின் பாட்டில் இல்லவே இல்லை. சகோதரிகள் கரோலினும் எர்மாவும் பின்னணியில் துள்ளித் துள்ளிச் சொல்லும் பதில்களும் இல்லை. இவையெல்லாம் அரீத்தாவும் கரோலினும் உருவாக்கியவை. நடுவில் வரும் கிங் கர்டிஸின் சாக்ஸஃபோன் பகுதிக்கு சாம் அண்ட் டேவ் இரட்டையரின் ஒரு பாட்டிலிருந்து கார்டுகளை எடுத்துப் போட்டார்கள். அதனால் அந்தச் சில நொடிகளுக்குப் பாட்டு முழுவதுமாக வேறு ஒரு சுருதிக்குத் தாவிப்போய், எதுவுமே நடக்காத மாதிரித் திரும்பி வரும். ஹெட்போனில் கேட்டால் தரை லேசாக நகர்ந்ததுபோல இருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். தாளத்தின் மேல் அவர் குரல் எப்போதும் சரியாக உட்காராது. கொஞ்சம் முன்னால் பாயும், இல்லை கொஞ்சம் பின்னால் தங்கும். பியானோ வாசிப்பதும் அவரே என்பதால், எங்கே இடம் விடப்போகிறோம் என்று அந்தக் கைக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பல வருஷ ரசிகர்கள் அவருடைய பாட்டுகளைப் பற்றிப் பேசும்போது குரலுக்கு அடுத்ததாக இந்த இடது கையைத்தான் சொல்வார்கள். புதிதாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதைத்தான். முதல் தடவை குரலைக் கேளுங்கள், இரண்டாவது தடவை பியானோவை மட்டும் பின்தொடருங்கள்.

1967 ஜூனில் பாட்டு ஹாட் 100-ல் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே மாதம் மான்டெரே பாப் விழா மேடையில் ஓட்டிஸ், இந்தப் பாட்டை ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அதைப் பாடினார். அந்த டிசம்பர் 10-ல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 26.

எழுதியவரே ஒப்புக்கொண்டுவிட்டார். சட்டம்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு பாட்டில் எத்தனை பதிப்புரிமை?

இரண்டு. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஒன்று, பாட்டு. அதாவது வரியும் மெட்டும். இதன் உரிமை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும். இரண்டாவது, ஒலிப்பதிவு. அதாவது ஒரு குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்டவர்கள் பாடி வாசித்து டேப்பில் ஏறிய அந்த ஓசை. இதன் உரிமை பெரும்பாலும் ரெக்கார்டு நிறுவனத்திடம் இருக்கும். பாடகருக்கு ஒப்பந்தப்படி ஒரு பங்கு.

தட்டு விற்றால், ஸ்பாட்டிஃபை மாதிரித் தளங்களில் ஓடினால், இரண்டு பக்கத்துக்கும் பணம் உண்டு. ஆனால் அமெரிக்காவில் சாதாரண ஏஎம், எஃப்எம் ரேடியோ முதல் உரிமைக்கு மட்டும்தான் பணம் கட்டும். ஒலிப்பதிவுக்கு எதுவும் கட்டத் தேவையில்லை. நாங்கள் பாட்டைப் போடுவதே உங்களுக்கு இலவச விளம்பரம், அதனால்தான் தட்டு விற்கிறது என்பது ரேடியோ முதலாளிகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லும் வாதம். தட்டு விற்ற காலத்தில் அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். தட்டு வாங்குவது ஒரு பொழுதுபோக்காகச் சுருங்கிவிட்ட பிறகும் வாதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வேலைப் பழக்கம் விடுமா? ஒரு ஸ்பிரெட்ஷீட் போட்டேன். 1967, 1968 இரண்டு வருஷங்களில் ஹாட் 100-ன் முதல் பத்துக்குள் வந்த அரீத்தாவின் பாட்டுகள் மொத்தம் ஒன்பது. ‘ஐ நெவர் லவ்டு எ மேன்’, ‘ரெஸ்பெக்ட்’, ‘பேபி ஐ லவ் யூ’, ‘எ நேச்சுரல் வுமன்’, ‘செய்ன் ஆஃப் ஃபூல்ஸ்’, ‘சின்ஸ் யூவ் பீன் கான்’, ‘திங்க்’, ‘தி ஹவுஸ் தட் ஜாக் பில்ட்’, ‘ஐ சே எ லிட்டில் பிரேயர்’. பக்கத்து நெடுவரிசையில் எழுதியவர் பெயரைப் போட்டேன். ஓட்டிஸ் ரெட்டிங், ரானி ஷானன், கரோல் கிங்கும் ஜெர்ரி காஃபினும், டான் கோவே, பர்ட் பக்கராக்கும் ஹால் டேவிடும் என்று போகிறது. அரீத்தாவின் பெயர் எழுதியவர் இடத்தில் வருவது இரண்டில் மட்டும்: ‘சின்ஸ் யூவ் பீன் கான்’, ‘திங்க்’. இரண்டிலும் கணவர் டெட் வைட்டோடு சேர்த்து.

அதாவது அவரை ‘சோல் ராணி’ ஆக்கிய அந்த இரண்டு வருஷத்தில், ஒன்பதில் ஏழு பாட்டுகள் அமெரிக்க ரேடியோவில் எத்தனை லட்சம் தடவை ஓடினாலும் அவருக்கு அதிலிருந்து வருமானம் கிடையாது. ‘திங்க்’ ஓடினால் உண்டு, ‘ரெஸ்பெக்ட்’ ஓடினால் இல்லை. இரண்டிலும் அதே தொண்டை, அதே பியானோ.

‘நேச்சுரல் வுமன்’ பாட்டைக் கேட்கிற யாரும் அது கரோல் கிங் எழுதியது என்று முதலில் நினைப்பதில்லை. 2015-ல் கென்னடி சென்டர் விழாவில், கரோல் கிங்கைக் கௌரவிக்கும் மேடையில், 73 வயதில் அரீத்தா அதைப் பாடியபோது எழுதியவரே பால்கனியில் தலையில் கைவைத்துக்கொண்டு பரவசப்படுவதும், பக்கத்தில் ஒபாமா கண்ணைத் துடைப்பதும் வீடியோவில் இருக்கிறது. ஃபர் கோட்டைக் கழற்றிக் கீழே போடும் இடத்துக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவள்.

1972 பிப்ரவரி 15: யாரும் கவனிக்காத ஒரு தேதி

ரேடியோ மட்டும் என்றால் கதை எளிது. டிஜிட்டலில் இன்னொரு சிக்கல் வந்தது.

1995-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, டிஜிட்டல் ரேடியோக்கள் ஒலிப்பதிவுக்கும் பணம் கட்ட வேண்டும் என்றது. சேட்டிலைட் ரேடியோ, இணைய ரேடியோ எல்லாம் இதில் வரும். சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூல் செய்கிறது. பாதி பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, மீதி 5 சதவீதம் பக்கவாத்தியக்காரர்கள், பின்னணிப் பாடகர்களுக்கான நிதிக்கு. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் அமெரிக்க மத்திய பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்க ஆரம்பித்ததே 1972 பிப்ரவரி 15 முதல்தான். அதற்கு முன் பதிவானவை அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ் கிடந்தன. அப்படியானால் பழைய பாட்டுகளுக்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று டிஜிட்டல் நிறுவனங்கள் கேட்டன. ‘தி டர்ட்டில்ஸ்’ குழுவைச் சேர்ந்தவர்கள் 2013-ல் சிரியஸ் எக்ஸ்எம் மேல் வழக்குப் போட்டார்கள். அந்தத் தேதிக்கு முன் பாடிய ஒரு தலைமுறை முழுவதும் இந்த வலையில் மாட்டியிருந்தது. சோல் இசையின் பொற்காலம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு முன்னால்தான் இருக்கிறது.

2014-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இதைச் சரிசெய்ய ஒரு மசோதா வந்தது. அதன் நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ரெஸ்பெக்ட்’ என்று வரும்படி வைத்தார்கள். கொண்டுவந்தவர்களில் ஒருவர் அரீத்தாவின் ஊரான டெட்ராய்ட்டின் உறுப்பினர் ஜான் கான்யர்ஸ். மசோதா தேறவில்லை. கடைசியில் இசை நவீனமயமாக்கல் சட்டத்தின் ஒரு பகுதியாக, பழைய பதிவுகளுக்கும் டிஜிட்டல் ராயல்டி உண்டு என்று ஆனது. அந்தச் சட்டம் கையெழுத்தான நாள் 2018 அக்டோபர் 11. அரீத்தா இறந்து எட்டு வாரம் ஆகியிருந்தது.

இங்கே இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 1972 ஜனவரி 13, 14. லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதி, நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் சர்ச். புகழின் உச்சியில் இருந்த அரீத்தா, சினிமா தியேட்டரிலிருந்து சர்ச்சாக மாறிய அந்தக் கட்டடத்தில், ஜேம்ஸ் கிளீவ்லாண்டோடும் அவருடைய பாடகர் குழுவோடும் இரண்டு இரவு காஸ்பல் பாடினார். டிரம்ஸ் பெர்னார்ட் பர்டி, பேஸ் சக் ரெய்னி. கூட்டத்தில் மிக் ஜாகர் நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது இரவு அப்பாவும் கிளாரா வார்டும் முன்வரிசையில். அதிலிருந்து வந்த ‘அமேசிங் கிரேஸ்’ இரட்டை ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. அவருடைய நீண்ட வாழ்க்கையில் அதிகம் விற்ற ஆல்பங்களின் வரிசையில் முதலில் சொல்லப்படுவது எந்த ஹிட் பாட்டுத் தொகுப்பும் அல்ல, இதுதான். பதிவான தேதியை வைத்துப் பார்த்தால், சட்டத்தின் கோட்டுக்கு ஒரு மாதம் முன்னால்.

ரசிகர்கள் 46 வருஷம் காத்திருந்த படம்

அந்த இரண்டு இரவையும் இயக்குநர் சிட்னி பொல்லாக் படம் பிடித்தார். ஒரே ஒரு பிரச்சினை. கிளாப் போர்டு அடிக்கவில்லை. பல கேமராவில் எடுத்த பல மணி நேரப் படத்தை எந்த ஒலியோடு எந்த இடத்தில் பொருத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. சினிமாவில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் கொடுமை புரியும். படம் கிடப்பில் போனது.

2000-களில் ஆலன் எலியட் என்ற தயாரிப்பாளர் அந்தப் படச்சுருள்களை வாங்கி, டிஜிட்டல் வசதியால் ஒலியையும் படத்தையும் பொருத்திவிட்டார். அப்போது வேறு தடை. தன் அனுமதியில்லாமல் காட்டக்கூடாது என்று அரீத்தாவே நீதிமன்றம் போனார். 2015-ல் டெல்யுரைட் விழாவில் திரையிட இருந்ததைத் தடுத்தார். படம் பிடித்திருந்தது, ஆனாலும் தடுத்தார். இதை வெறும் பிடிவாதம் என்று எழுதியவர்கள் உண்டு. தன் குரல் ஓடும்போதெல்லாம் மற்றவர்களுக்குப் பணம் போவதை ஐம்பது வருஷம் பார்த்தவர், தன் முகமாவது தன் கையில் இருக்கட்டும் என்று நினைத்ததில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. கச்சேரிகளுக்கு முன்பே ரொக்கமாகப் பணம் வாங்கி, கைப்பையில் போட்டு, அந்தப் பையை மேடையில் பியானோ மேலேயே வைத்துக்கொண்டு பாடியவர் அவர்.

இறந்த பிறகு குடும்பத்தின் சம்மதத்தோடு 2018 நவம்பரில் படம் வெளிவந்தது. ஆல்பத்தை மனப்பாடமாக வைத்திருந்த ரசிகர்களுக்கு அது வேறு ஓர் அனுபவம். எந்த இடத்தில் குழு எழுந்து நின்றது, எங்கே கிளீவ்லாண்ட் பியானோவை விட்டுவிட்டு முகத்தைத் துணியால் மூடி அழுதார் என்பதெல்லாம் ஒலியில் தெரியாது. ஒரு சின்னக் காட்சி: பாடிக்கொண்டிருக்கும் மகளின் முகத்து வியர்வையை அப்பா தன் கைக்குட்டையால் துடைக்கிறார். அவர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டே இருக்கிறார்.

எல்லாப் பதிவுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1978-ல் நியூஜெர்சியின் லாங் பிரான்ச்சில் அட்லாண்டிக்கின் டேப்கள் இருந்த கிடங்கு எரிந்துபோனது. வெளியான பாட்டுகளின் மாஸ்டர்கள் பெரும்பாலும் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. போனவை வெளியிடாத பாட்டுகள், ஒத்திகைகள், ஒரே பாட்டின் மாற்று முயற்சிகள். ஒரு பாடகி எப்படி ஒரு பாட்டைக் கண்டுபிடித்தார் என்பதைக் காட்டும் சரக்கு அதுதான். 2007-ல் தப்பிப் பிழைத்தவற்றிலிருந்து இரண்டு சிடி அளவுக்கு வெளியிட்டார்கள். தீவிர ரசிகர்கள் அதைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். பியானோவும் குரலும் மட்டும் உள்ள சில டெமோக்கள் அதில் உண்டு. ஹிட் பாட்டுகளைவிட அவை மேல் என்று சண்டைபோடும் ஒரு கூட்டமும் உண்டு.

இந்தியாவில் எப்படி?

சட்டத்தில் நாம் அமெரிக்காவைவிட ஒரு படி மேல். 2012 பதிப்புரிமைத் திருத்தம், பாடகர்கள் உள்ளிட்ட நிகழ்த்துகலைஞர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்றது. அடுத்த வருஷமே பாடகர்களுக்கென்று ‘இஸ்ரா’ அமைப்பு உருவானது. நடைமுறையில் வசூல் எவ்வளவு, யாருக்குப் போகிறது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். 2017-ல் இளையராஜா தரப்பு எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பியபோது நம் வாட்ஸ்அப் குழுக்களில் நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? பாட்டு யாருடையது, எழுதினவரோடதா, பாடினவரோடதா என்று அன்றைக்குக் கேட்ட அதே கேள்விதான் இது. பதில் நாட்டுக்கு நாடு வேறு.

அமெரிக்கா ரேடியோவில் பாடகர்களுக்குக் கொடுக்காததால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 1961-ன் ரோம் உடன்படிக்கையில் அது சேரவில்லை. அதனால் பாடகர்களுக்கு ரேடியோ ராயல்டி கொடுக்கும் பல நாடுகள், உன் நாட்டில் எங்கள் பாடகர்களுக்குக் கொடுப்பதில்லையே என்று சொல்லி அமெரிக்கப் பாடகர்களின் பங்கைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. ஆக, ‘ரெஸ்பெக்ட்’ அப்படியொரு நாட்டு ரேடியோவில் ஓடினாலும் பணம் வருவது கஷ்டம்தான்.

எஃப்எம் நிலையங்களும் பாடகர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்னும் ‘அமெரிக்கன் மியூசிக் ஃபேர்னஸ்’ மசோதா 2021-ல் அறிமுகமானது. 2022 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழு அதற்கு ஒப்புதல் தந்தது. அதற்கு மேல் நகரவில்லை. பிறகு மறுபடி அறிமுகம் செய்திருக்கிறார்கள். சட்டமானால் பயன் அவருடைய நான்கு மகன்களுக்கு. சோபா மெத்தைக்கு அடியில் கிடைத்த, 2014-ல் கையால் எழுதிய உயில்தான் செல்லும் என்று 2023 ஜூலையில் மிச்சிகன் ஜூரி முடிவுசெய்தது. இசை வருமானம் நால்வருக்கும் என்று அதில் அவர் எழுதியிருக்கிறார்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: முதலில் ஓட்டிஸின் ‘ரெஸ்பெக்ட்’, உடனே அரீத்தாவுடையது. பிறகு 1967-ன் ‘ஐ நெவர் லவ்டு எ மேன்’ ஆல்பம் முழுசாக, ஷஃபிள் போடாமல். ‘அமேசிங் கிரேஸ்’ கேட்பதாக இருந்தால் 1999-ல் வந்த முழுப் பதிப்பைத் தேடுங்கள். அதில் இரண்டு இரவும் தனித்தனியாக, பாடிய வரிசையிலேயே இருக்கும். ஒரே பாட்டை முதல் இரவு எப்படிப் பாடினார், அப்பா முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டாவது இரவு எப்படிப் பாடினார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம்.